மருந்து முறிவு

என் மனைவிக்குக் கொடுத்த மாத்திரையின் பெயர் எனக்கு அதற்கு முன்பே பழக்கம். பள்ளிவாசலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். உரம், மயில்துத்தம், மண்வெட்டி, கம்பளி எதுவும் என்னைக் கேட்காமல் வெளியே போகாது. எலி மருந்தும் அப்படித்தான். தகர டப்பாவில் பொடியாக வரும். நொய்யரிசியில் கலந்து ஃபேக்டரியைச் சுற்றியும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களின் ஓரத்திலும் வைப்பார்கள். மற்ற மருந்தைத் தின்ற எலி தின்ற இடத்திலேயே துடித்து விழும். இதைத் தின்ற எலி சாவகாசமாக நடந்து போகும். மறுநாளும் வந்து தின்னும். சில நாள் போன பிறகு உள்ளுக்குள் ரத்தம் கசிந்து, பட்டப்பகலில் மனுஷன் காலடியில் தள்ளாடிக்கொண்டு வந்து சாகும். அந்த டப்பாவின் மேல் வார்ஃபரின் என்று போட்டிருக்கும்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில், சித்திரை வெயிலில், டாக்டர் அதே பெயரைச் சொன்னபோது நான் முதலில் என் காதைத்தான் சந்தேகப்பட்டேன்.

"எலிக்கு வைக்கிறதா சார்?"

"அதேதான். அளவுதான் வித்தியாசம்" என்றார் அவர்.

அவர் நல்லவர். அதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை. ஆனாலும் அந்த வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருஷத்தில் துளிகூடக் குறையவில்லை.

நாங்கள் பாலக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். பிரசவம் தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே சுகமாக முடிந்திருந்தது. பெண் குழந்தை. என் மனைவி எனக்குச் சொந்த அத்தை மகள். அவர்கள் வீடு மறையூரில், கரும்புக் காட்டுக்கு நடுவே. தலைப்பிரசவத்துக்கு அவள்தான் அங்கே போயிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி இங்கே இருக்கிறது என்று சொல்லி நான் அனுப்பவில்லை. ஆகவே அத்தை மூட்டை கட்டிக்கொண்டு மலையேறி வந்துவிட்டார். நான் பிறந்ததிலிருந்து என்னை 'ஏலே' என்று கூப்பிட்டவர், தாலி கட்டிய மறுநாள் முதல் 'மாப்ள' என்று மாற்றி மரியாதை கொடுக்க ஆரம்பித்திருந்தார். பழையபடி கூப்பிடுங்கள் என்று நான் கேலி செய்தால் முறைப்பார்.

குழந்தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். அவளுடைய இடது கால் வீங்கியது. பாதத்தில் ஆரம்பித்துத் தொடை வரை வெளுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. அத்தை நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தார். தோட்டத்து டாக்டர் வந்து காலைப் பார்த்ததும் ஒத்தடத் துணியை எடுத்துத் தூரப் போட்டார். கோட்டயத்துப் பக்கத்துக்காரர். தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவார்.

"காலிலே ரத்தம் கட்டியாயிட்டுண்டு. அது இளகி நெஞ்சிலேக்குப் போச்சுன்னா, பின்னே ஒண்ணும் செய்யான் பற்றில்லா. தடவாதே, அமுக்காதே. இப்பவே கொண்டுபோ."

பாலக்காட்டில் அவருக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவர் இருந்தார். தோட்டத்து ஜீப்பில் பின்பக்கம் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்தோம். குழந்தையை நான் மடியில் வைத்துக்கொண்டேன். மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று இறங்க இறங்கக் குளிர் போய், அனல் அடித்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் ஜீப் குதிக்கும்போது அத்தை தன் மகளின் காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கால் குலுங்கினால் கட்டி நகர்ந்துவிடும் என்று பயம். எனக்கும் அதே பயம்தான்.

பெரிய டாக்டர் கல்பாத்திக்காரர். அக்கிரகாரத்துத் தமிழ் பேசுவார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வந்த அன்றே ஹெபாரின் என்ற ஊசியை ஆரம்பித்தார். ரத்தம் மேற்கொண்டு உறையாமல் அது பார்த்துக்கொள்ளும் என்றார். சொன்ன மாதிரியே வீக்கம் வடிந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரி காப்பியைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அவள் குறை சொன்னால் குணமாகி வருகிறாள் என்று அர்த்தம். ஊருக்குத் திரும்பும் நாளை நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் வலது கால் வீங்கியது. அது நல்ல கால். கூடவே ஊசி போட்ட இடமெல்லாம் கறுத்து, அந்தக் காலின் சுண்டு விரல் நீலம் பாரித்தது. நர்ஸ் ஊசி மருந்தை இன்னும் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். சாயங்காலம் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"இது ரத்தம் கட்டாம இருக்கறதுக்காக்கும் குடுக்கறது. எப்பவோ ஒருத்தர் தேகத்துல இதுவே ரத்தத்தைக் கட்டப் பண்ணிடும். இவாளுக்கு அப்படி ஆயிருக்கு. ரத்தத்துல தட்டணுன்னு ஒண்ணு உண்டு. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு தீர்ந்துண்டிருக்கு. இனிமே ஹெபாரின் ஒரு சொட்டு உள்ளே போகப்படாது. எங்கே போனாலும், யார் கேட்டாலும், இதைச் சொல்லணும். மனசிலாச்சோ?"

மனசிலாயிற்று. நெருப்பை அணைக்க ஊற்றியதே மண்ணெண்ணெய் என்று அவர் சொல்கிறார். "அப்ப வேற என்ன மருந்து சார்?" என்று கேட்டேன். அவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சீமையில ஒரு பாம்போட விஷத்துலேர்ந்து ஒரு மருந்து எடுக்கறா. மலேயாப் பக்கத்துப் பாம்பு. அது இருந்தா தேவலை. நம்ம தேசத்துல கிடையாது. கிடைக்கறது ரெண்டுதான். ஒண்ணு பாட்டில்ல ஏத்தறது. ரத்தத்தை இளக்கமா ஓட வைக்கும், அவ்வளவு பலம் போறாது. இன்னொண்ணு மாத்திரை. அதுக்கு பலம் உண்டு, ஆனா பிடிக்கறதுக்கு சில நாள் ஆகும். அதுவரைக்கும் பாட்டிலை வெச்சுண்டு ஓட்டணும்."

அந்த மாத்திரைதான் எலி மருந்து. அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார். என் மனைவி மட்டும்தான் சிரித்தாள். "ஸ்டோர்லருந்தே ஒரு டப்பா எடுத்துட்டு வந்திருக்கலாமே மச்சான். இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தோம்?" என்றாள்.

ஹெபாரின் ஆகாதவர்களுக்கென்றே இப்போது தனியாக ஊசிகள் வந்துவிட்டனவாம். சமீபத்தில் ஒரு இளவயது டாக்டர் எனக்கு விளக்கினார். அதில் ஒன்றுக்கு மூலமே அட்டையின் எச்சில் என்றார். அட்டை கடித்தால் ரத்தம் நிற்காமல் வருவது ஏன் என்று யாரோ யோசித்துப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் மலையில் மழைக்காலத்தில் அட்டைக்கா பஞ்சம்? கால் விரலிடுக்கில் ஏறியதைச் சுண்ணாம்பு வைத்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டே நாங்கள் நடந்திருக்கிறோம். நான் அந்த டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து வெகுநேரம் பஸ் ஏறாமல் நின்றேன்.

பாட்டில் மருந்து ஆஸ்பத்திரியில் கொஞ்சம்தான் இருந்தது. மீதிக்கு நான் கோயம்புத்தூர் போனேன். கடை கடையாக ஏறி இறங்கி, கிடைத்ததை வாங்கித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாளையாரில் பஸ் நின்றது. செக்போஸ்ட்டுக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய தூரம் லாரிகள். பக்கத்துச் சிமென்ட் ஃபேக்டரியின் தூசி ஜன்னல் வழியாக வந்து எல்லோர் தலையையும் நரைக்க வைத்தது. ஆஸ்பத்திரியில் ஏறிக்கொண்டிருந்த பாட்டில் இந்நேரம் தீர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து சீட்டுப் பெரியவர் என் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க, அதென்னங்க, புள்ளையாட்டம் புடிச்சுட்டு வர்றீங்க?"

"மருந்துங்க."

"ஊட்டுக்காரம்மாளுக்குங்களா?"

ஆமாம் என்றேன். சோதனைக்கு ஏறிய காவலர் துண்டைப் பிரிக்கச் சொல்லி, பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, குலுக்கிப் பார்த்தார். நான் அதற்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டேன். பெரியவர்தான், "நோவாளிக்குங்க, சீக்கிரம் குடுத்துருங்க" என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். இருட்டுவதற்குள் பாலக்காடு சேர்ந்துவிட்டேன்.

பாட்டிலும் மாத்திரையுமாக அவளைக் கரை சேர்த்தார் டாக்டர். கால்கள் இரண்டும் வடிந்தன. சுண்டு விரலின் நுனி மட்டும் கறுத்துக் காய்ந்துபோய் அப்படியே நின்றது. தினமும் ரத்தம் எடுப்பார்கள். அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, மாத்திரையைக் கால் கூட்டுவார், அரை குறைப்பார். அதிகமானால் ரத்தம் கசியும், குறைந்தால் கட்டும். நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அங்கே அவளைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்றார். ஆஸ்பத்திரிக் கொல்லையில் செங்கீரை காடாக வளர்ந்திருந்தது. சமையல்காரருக்கு அதைத் தவிர வேறு காய் இருப்பது தெரியாது. தினமும் மத்தியானம் கீரைத் தோரன். "இந்த ஆஸ்பத்திரியில ஆட்டுக்குட்டிக்கும் எனக்கும் ஒரே சாப்பாடு" என்று அவள் திட்டிக்கொண்டே சாப்பிட்டாள்.

அந்தச் சின்ன இடம் கிடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில் நாங்கள் கிளம்பினோம். மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும், தலைவலி மாத்திரை ஆகாது, குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டாம், குறித்த நாளில் ரத்தப் பரிசோதனைக்கு வர வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "ஆகாரம் இங்கே சாப்பிட்டா மாதிரியே. பத்தியம் ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

அத்தைக்கு அந்தக் கடைசிப் பேச்சில் நம்பிக்கை வரவில்லை.

"இங்கிலீஷ் டாக்டருக எல்லாருக்கும் அதைத்தான் சொல்லுவாக மாப்ள" என்றார், மலையேறும்போதே. "பால் வழியாப் போனாக்கூடப் பச்சப்புள்ளைக்கு ஆகாதாம். அப்ப அது எப்பேர்ப்பட்ட மருந்து? அதுக்குப் பத்தியம் இல்லைன்னா யார் நம்புறது?"

எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு சட்டம் உண்டு. மருந்து எவ்வளவு கடுமையோ பத்தியமும் அவ்வளவு கடுமை. வைத்தியரிடம் பஸ்பம் வாங்கிச் சாப்பிடுகிறவர் வீட்டில் புளி இருக்காது, மீன் இருக்காது, கத்திரிக்காய் இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கீரை இருக்காது. கீரை மருந்தை முறித்துவிடும். அகத்திக்கீரை என்றால் கேட்கவே வேண்டாம், அதுவரை உண்ட மருந்து அத்தனையும் வீண். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எலியைக் கொல்கிற மருந்து என்று தெரிந்த பிறகு அத்தை எந்தப் பத்தியத்தைத்தான் விட்டுவைப்பார்? கஞ்சியும், பூண்டும், மிளகு ரசமும், சுட்ட அப்பளமும் என்று ஆக்கிப் போட்டார். ஒரு இலை பச்சை வீட்டுக்குள் வரவில்லை. மகளைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. எனக்கும் அதில் தப்புத் தெரியவில்லை.

முதலில் பல் துலக்கும்போது எச்சிலில் சிவப்பு வந்தது. பிறகு பாவாடை நாடா கட்டிய இடத்தில் இடுப்பைச் சுற்றி நீலக் கோடு. ஒருநாள் மடியில் கிடந்த குழந்தை காலை உதைத்தது. அந்தக் குட்டிக் குதிகால் பட்ட இடத்தில், அவள் முழங்கையில், நாகப்பழம் போல ஒரு கன்னிப்பு எழும்பியது. அதைப் பார்த்ததும் எனக்கு ஃபேக்டரி வாசலில் பகலில் தள்ளாடி வரும் எலி ஞாபகம் வந்தது. நான் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளே சொன்னாள்: "எலி வெளிய வர ஆரம்பிச்சிருச்சு மச்சான்."

மறுநாள் மூக்கில் ரத்தம் வந்து நிற்கவேயில்லை. மலமும் தார் போலப் போயிற்று. தோட்டத்து டாக்டர் மாத்திரையை நிறுத்தி, முறிவுக்கு ஒரு ஊசி போட்டு, அதே ஜீப்பில் ஏற்றி அனுப்பினார். பாலக்காட்டில் அவளுக்கு ரத்தம் ஏற்றினார்கள். பெரிய டாக்டருக்கு வந்ததே கோபம். அப்போதும் குரல் உயரவில்லை.

"என்ன சாப்பிட்டா? கீரை குடுத்தேளோ?"

"பத்தியத்துல யாராவது கீரை குடுப்பாகளா சாமி?" என்றார் அத்தை. "கீரை மருந்தை முறிச்சிராதா?"

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். "முறிக்கும். நீங்க சொல்றது வாஸ்தவம். இந்த மருந்தைக் கீரை முறிக்கத்தான் செய்யும். நான் இங்கே கீரையோட சேர்த்தல்லவா அளவு வெச்சேன்? முறிக்கறதை நிறுத்திட்டு, மருந்தை மட்டும் முழுசாக் குடுத்தா அது விஷமாயிடாதோ?"

"அப்ப கீரை அந்த விஷத்தை முறிக்கும்" என்றார் அத்தை, கேள்வியாக இல்லாமல்.

"முறிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இன்னும் ஒரே ஒரு வாக்கியம் அவர் அத்தையிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொன்னார், வராந்தாவில் வைத்து: தினமும் ஒரு பிடி, கூடவும் கூடாது, குறையவும் கூடாது, கூடினால் பழையபடி ரத்தம் கட்டும், கட்டினால் இந்தத் தடவை கையில் ஒன்றும் இல்லை. நான் அதை அப்படியே அத்தையிடம் ஒப்பித்தேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆனால் பெரிய டாக்டர் வாயால் கேட்டது ஒன்று, மாப்பிள்ளை வாயால் கேட்டது ஒன்று. மகளின் மூக்கிலிருந்து கொட்டிய ரத்தத்தை முந்தானையில் ஏந்தியவருக்கு எது மனதில் நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுபடி அளவு வைத்து, மறுபடி ஊர் வந்து சேர்ந்தபோது ஆனி பிறந்துவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. பள்ளிவாசலில் அந்த மழையில் ஒன்றும் முளைக்காது, எல்லாம் அழுகும். மலைக்கு அந்தப் பக்கம் மறையூரில் இந்த மழை கிடையாது. அங்கிருந்து அத்தையின் மூத்த மகன் முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் கட்டுக் கட்டாக மூணாறு பஸ்ஸில் போட்டுவிடுவார். அங்கே தெரிந்தவர்கள் எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் மாற்றிவிடுவார்கள். நான் காலையில் ஃபேக்டரிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவேன். கட்டுகள் வருவது தெரியும். வீட்டுக்கு எல்லோருக்கும் என்று நினைத்தேன்.

அவள் தேறினாள். அதுதான் இதில் மிகக் கொடுமையானது. கன்னிப்பெல்லாம் மஞ்சளாகி மறைந்தது. ஈறில் ரத்தம் இல்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். காப்பியைக் குறை சொன்னாள், மழையைக் குறை சொன்னாள், என் சட்டையில் வரும் தேயிலைத் தூள் வாசனையைக் குறை சொன்னாள். ஒரு சிறு காயம் பட்டால்கூட ரத்தம் சட்டென்று நின்றுவிடுகிறது என்று அத்தை பெருமையாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன்.

ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய வாரம் மறையூர் ரோட்டில், மூணாற்றுக்குப் பக்கத்தில், மண் சரிந்தது. கீழே அடிமாலிப் பக்கமும் ரோடு போய்விட்டது என்றார்கள். சரிவுக்கு அந்தப் பக்கம் வரை ஒரு பஸ், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பஸ். ஆட்கள் சேற்றில் இறங்கி நடந்து மாறிக்கொண்டார்கள். கீரைக் கட்டும் அப்படியே கை மாறி வந்து சேர்ந்தது. ஜீப் போக வழியில்லை. இங்கேயே பார்க்க முடியாதா என்று தோட்டத்து டாக்டரைக் கேட்டேன்.

"இந்தப் பரிசோதனைக்கு இவிடே சௌகரியம் இல்லா. ரோடு தெளிஞ்ச உடனே போகணும்" என்றார். கால் வீங்கினால் சொல்லச் சொன்னார். நான் தினமும் வந்து அவள் காலைத் தொட்டுப் பார்ப்பேன். வீக்கம் இல்லை.

ஒருநாள் சாயங்காலம் தொடை கனமாக இருக்கிறது என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்று கம்பளியை இழுத்து மூடிவிட்டிருக்கிறார் அத்தை. மறுநாள் காலை நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் தலை வாரிக்கொண்டிருந்தாள். வெளியே பனிமஞ்சு ஜன்னல் கண்ணாடி வரை வந்து அடைத்திருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "மச்சான், மூச்சு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

அக்கம்பக்கத்தாரும் நானும் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடியைப் பிடித்தார், கம்பளியை விலக்கிக் காலைப் பார்த்தார். நேராக அலமாரிக்குப் போய்க் கதவைத் திறந்தார். முன்வரிசையிலேயே அந்தக் குப்பி இருந்தது. ஹெபாரின். பெயரை நானும் படித்தேன். கையை நீட்டியவர் அதைத் தொடாமல் நின்றார். பாலக்காட்டிலிருந்து அவருக்கும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"உடனே பிடிக்கிற மருந்து இவிடே இது ஒண்ணுதான்" என்றார், என்னைப் பார்க்காமல். "இது இவருக்குக் கொடுக்கான் பற்றில்லா."

அலமாரிக் கதவை மூடினார். ஆக்சிஜன் வைத்தார், கையிருப்பில் இருந்த பாட்டில் ஒன்றை ஏற்றினார். வேறு எதுவும் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை, இந்த மலையிலேயே இல்லை. அவள் என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா குழந்தையை ஈரத்தில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம், உள்ளே கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றாள். அதைத்தான் கடைசியாகச் சொன்னாள். ஃபேக்டரியில் மத்தியானச் சங்கு ஊதுவதற்கு முன்னால் எல்லாம் முடிந்துவிட்டது.

என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். நான் எல்லாம் சரியாகத்தான் நடந்தது, தினமும் ஒரு பிடி கீரை, மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை என்றேன். அவர் நம்பாதவர் போலத் தலையை ஆட்டினார். "கூடுதல் கீரை போயிருக்கும். அதுதான் கட்டிப்போச்சு" என்றார்.

காரியங்கள் முடிந்து வந்தவர்கள் கலைந்த பிறகு, விறகு எடுக்கச் சமையலறைக்குப் பின்பக்கம் போனேன். வேலியோரத்தில் இலை உருவிய காம்புகள் குவிந்து கிடந்தன. முருங்கைக் காம்பு, அகத்திக் குச்சி, மழையில் ஊறிக் கறுத்துப்போய் என் முழங்கால் உயரத்துக்கு. ஒரு பிடிக் கீரைக்கு அவ்வளவு காம்பு வராது. ஒரு லயத்துக்கே ஆக்கிப் போட்டாலும் வராது. கஞ்சியில் அரைத்து, சோற்றில் பிசைந்து, சூப்பாக வைத்து என்று மூன்று வேளையும் இறங்கியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கையிலிருந்த விறகைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். அத்தை வாசற்படியில் நின்றிருந்தார்.

"டாக்டரு என்னதான் சொன்னாரு மாப்ள?"

வாய் வரை வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன். "மருந்து கை குடுக்கலைன்னு சொன்னாரு அத்தை" என்றேன்.

அவர் இறங்கி வந்து அந்தக் காம்புக் குவியலின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். ஒரு குச்சியை எடுத்தார். அதில் ஒட்டியிருந்த ஓர் இலையைக் கிள்ளிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த விஷம் லேசுல முறியலை மாப்ள. நானும் மூணு வேளையும் குடுத்துத்தான் பார்த்தேன். மொகம் தெளிஞ்சு வந்துச்சுல்ல, நீங்களும் பார்த்தீகள்ல? இந்த ரோடு மட்டும் தொறந்திருந்தா இன்னும் ரெண்டு கட்டு சேர்த்து வந்திருக்கும். கீரை பத்தாமப் போச்சு."

உள்ளே குழந்தை அழுதது. அதை வளர்க்க எனக்கு இந்த ஒரு மனுஷியை விட்டால் ஆள் கிடையாது.

"இல்ல அத்தை" என்றேன். "நீங்க குடுத்தது போதும்."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பால் காய்ச்ச உள்ளே போனார்.